விற்பனை என்ற சொல்லும் மின்னூலும்

நாம் பணியாற்றும் அரபுக் கல்லூரியில் ஹிதாயாவின் ‘கிதாபுல் புயூஉ’ எனப்படும் விற்பனை இயலை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து வினா ஒன்றைத் தொடுத்தார். “ஹஜ்ரத், செல்பேசியில் பணம் கட்டி ஒரு நூல் வாங்கினேன். படித்து முடித்துவிட்டேன். அதை என் நண்பருக்குப் பாதி விலைக்கு விற்றுவிடலாமா?” வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. செல்பேசிக்குள் இருப்பதை எப்படிக் கழற்றிக் கொடுப்பாய் என்று பின்வரிசையில் ஒருவர் கேலி பேசினார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விற்பவர் தாம் விற்கும் பொருளின் மீது எத்தகைய நிபந்தனைகளை விதிக்கலாம், எவற்றை விதிக்கலாகாது என்ற பகுதியைத்தான் அன்று விளக்கிக்கொண்டிருந்தோம். மாணவரின் வினா அப்பகுதியின் நடுவிலேயே வந்து விழுந்தது. நாளை விடை கூறுகிறோம் என்று சொல்லி வகுப்பை முடித்தோம். அந்த ‘நாளை’ நான்கு மாதங்கள் நீண்டுவிட்டது.

தேடியதில், இதே வினா நெதர்லாந்தில் வழக்காகி, லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்று, 2019 டிசம்பர் 19 அன்று அதன் பேரமர்வால் முடிவு செய்யப்பட்டிருப்பதை அறிந்தோம். டாம் கபினெட் வழக்கு என்று அது வழங்கப்படுகிறது. அத்தீர்ப்பைப் பலமுறை வாசித்தோம். அதன் முடிவைக் காட்டிலும், அம்முடிவுக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்த வழியே நம் மனத்தை உறுத்தியது. அவ்வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதற்கு முன், தாளில் அச்சிட்ட நூலுக்குச் சட்டம் என்ன நிலை வகுத்திருந்தது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். நூலில் இரண்டு உடைமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஆசிரியருக்கு அல்லது பதிப்பாளருக்கு உரிய படைப்புரிமை. மற்றொன்று, விலை கொடுத்தவர் கையில் இருக்கும் அந்த ஒரு படி. படியை வாங்கியவர் அதைப் பார்த்து மற்றொரு படி அச்சிடக் கூடாது. ஆயினும், வாங்கிய படியை விற்கலாம், கொடுக்கலாம், இரவல் தரலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். இந்த வேறுபாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தெளிவாக்கியது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்ற புதினத்தை வெளியிட்டு, இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என்று நூலின் உள்ளேயே அச்சிட்டிருந்தது. மேசீஸ் அங்காடியினர் அதை 89 சென்டுக்கு விற்றனர். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது, தோற்றது. விற்பனை முடிந்த பிறகு அந்தப் படியின் அடுத்த விலையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பதிப்புரிமைச் சட்டம் பதிப்பாளருக்கு அளிக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே இக்கோட்பாடு அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. முதல் விற்பனையோடு விநியோக உரிமை தீர்ந்துபோகிறது என்று ஐரோப்பியச் சட்டமும் இதனையே சொல்கிறது.

நம் கல்லூரி நூலகத்தில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்த அலமாரியைத் திறந்தாலும், முதல் பக்கத்தில் இரண்டு மூன்று கையெழுத்துகளைத் தாங்கிய கிதாபுகள் கிடைக்கின்றன. ஒருவர் பெயருக்குக் கீழே மற்றொருவர் பெயர். சிலவற்றில் வாங்கிய விலையும் உண்டு. நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர் மறைந்தபோது அவர்தம் வாரிசுகள் நூல்களை மூன்று மூட்டைகளில் கொண்டுவந்து வக்ஃபாக ஒப்படைத்தனர். ஓரங்களில் அவர் எழுதி வைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டே இன்றும் நாம் பாடம் நடத்துகிறோம்.

இனி வழக்குக்கு வருவோம். டாம் கபினெட் நிறுவனம் 2014 ஜூனில் பயன்படுத்திய மின்னூல்களுக்கான இணையச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. ஒரு வாரத்திற்குள் டச்சுப் பதிப்பாளர் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்தை அணுகின. தடை விதிக்க அந்நீதிமன்றம் மறுத்தது. 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், திருட்டுத்தனமாகப் பதிவிறக்கிய நூல்களும் அச்சந்தையில் விற்பனையாக இடமுள்ளது என்பதைச் சுட்டி, அவ்வாறான சேவைக்குத் தடை விதித்தது. அதன்பின் நிறுவனம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு வாசகர் மன்றமாக உருவெடுத்தது. உறுப்பினர் தாம் வாங்கிய மின்னூலின் பதிவிறக்க இணைப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்து, தம்மிடம் படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று உறுதி கூறுவார். நிறுவனம் அந்நூலைத் தன் சர்வரில் ஏற்றி, மின் அடையாளக் குறி இட்டு, மற்ற உறுப்பினர்களுக்குச் சிறு விலையில் வழங்கும். முதலில் 1.75 யூரோ, பின்னர் 2 யூரோ. பதிப்பாளர்கள் மீண்டும் வழக்காடினர். ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2018இல் ஐயங்களை லக்சம்பர்க்குக்கு அனுப்பி விளக்கம் கேட்டது.

டாம் கபினெட் நிறுவனத்தார் நம்பிக்கையோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே நீதிமன்றம் மென்பொருள் பற்றி வழங்கிய தீர்ப்பு அவர்களுக்குத் துணைநின்றது. ஆரகிள் நிறுவனத்தின் மென்பொருளைப் பதிவிறக்கி வாங்கியவர்களிடமிருந்து யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மானிய நிறுவனம் உரிமங்களை விலைக்கு வாங்கி மறுவிற்பனை செய்தது. நாங்கள் விற்கவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே கொடுத்தோம் என்று ஆரகிள் வாதிட்டது. 2012 ஜூலை 3 அன்று நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. முழு விலையைப் பெற்றுக்கொண்டு, கால வரம்பின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் படியையும் கொடுத்தால் அது விற்பனையே ஆகும். ஒப்பந்தத்திற்கு ‘உரிமம்’ என்று பெயர் சூட்டிவிட்டு விற்பனையின் விளைவுகளிலிருந்து தப்பித்துக்கொள்ள இடமளித்தால் அந்தச் சட்டவிதியே பொருளற்றுப் போய்விடும் என்று அது விளக்கியது. விற்பவர் தம்மிடமுள்ள படியைப் பயன்படாதவாறு செய்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அந்த வரிகளை வாசித்தபோது நமக்கு மஜல்லாவின் நினைவு வந்தது. அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட அச்சட்ட நூலின் தொடக்கத்திலுள்ள பொது விதிகளில், ஒப்பந்தங்களில் சொல்லுக்கன்றிக் கருத்துக்கும் நோக்கத்துக்குமே மதிப்பு என்ற விதி மூன்றாவதாக வைக்கப்பட்டுள்ளது. அதற்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு ‘பைஉல் வஃபா’. ஒருவர் தம் வீட்டை மற்றொருவருக்கு விற்கிறார். பணத்தைத் திருப்பித் தந்தால் வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பெயர் விற்பனைதான். எனினும் அதன் மீது அடைமானத்தின் சட்டமே செலுத்தப்பட வேண்டும் என்று மஜல்லா கூறுகிறது. அது ஏன் அடைமானத்தை ஒத்தது என்பதற்கு அந்நூல் சொல்லும் காரணம் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருக்கமானது: வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்க முடியாது. மறுவிற்பனை செய்ய இயலாமையே, விற்பனை என்று பெயரிட்ட ஒன்றைப் பிறிதொரு வகையில் சேர்க்கும் அடையாளமாக நம் ஃபகீஹ்களுக்கு அமைந்தது. 2012இல் லக்சம்பர்க் நீதிபதிகளும் தம் வழியில் அதே விதியைப் பற்றி நின்றனர் எனலாம்.

2019ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த விதி காணாமற்போயிற்று. எப்படி என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொண்டது, மின்னூலைப் பதிவிறக்கத் தருவது 2001ஆம் ஆண்டு ஐரோப்பியப் பதிப்புரிமை நெறிமுறையின் எந்தப் பிரிவில் அடங்கும் என்ற வினாவை. விநியோகம் என்ற பிரிவில் அடங்கினால் முதல் விற்பனையோடு உரிமை தீர்ந்துபோகும். பொதுமக்களுக்கு எட்டச் செய்தல் என்ற பிரிவில் அடங்கினால் உரிமை ஒருபோதும் தீராது. ஒவ்வொரு முறையும் இசைவு தேவை. விநியோகம் என்பது கையால் தொடத்தக்க பொருள்களுக்கே உரியது என்று 1996ஆம் ஆண்டு உலகப் பதிப்புரிமை உடன்படிக்கையையும் நெறிமுறையின் முன்னுரையையும் காட்டி நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே மின்னூல் இரண்டாம் பிரிவில் விழுந்தது. யூஸ்டுசாஃப்ட் தீர்ப்போ? அது கணினி நிரல்களுக்கென இயற்றப்பட்ட தனி நெறிமுறையின் கீழ் வந்தது. மின்னூலில் நிரல் சிறிது இருந்தாலும் அது நூலுக்குத் துணையானதே. எனவே அத்தீர்ப்பு இங்கே செல்லாது என்றாயிற்று. சட்டச் சொற்களின் அளவில் இவ்வாதத்தில் பெரிய பிழை காண்பதற்கில்லை. நீதிமன்றத்துக்குக் கருத்துரை வழங்கிய அட்வகேட் ஜெனரல் ஷ்புனாரும், மறுவிற்பனையை ஏற்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன என்று ஒப்புக்கொண்டே, நடப்பிலுள்ள சட்டப்படி இந்த முடிவையே பரிந்துரைத்திருந்தார்.

நம் கருத்து வேறுபாடு அதன்பின் வரும் இரண்டு வாதங்களில்தான் தொடங்குகிறது.

முதலாவது, தேய்மானம் பற்றிய வாதம். மின்னூல் பயன்பாட்டால் நைந்துபோவதில்லை. பழைய படியும் புதிய படியும் ஒன்றே. கை மாற்றுவதற்கு உழைப்போ செலவோ இல்லை. எனவே பழைய மின்னூல்களின் சந்தை, பழைய தாள் நூல்களின் சந்தையைவிட உரிமையாளரை மிகுதியாகப் பாதிக்கும் என்று தீர்ப்பு கூறுகிறது. இதில் உண்மை உண்டு. தாள் நூல் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லப் பல நாள்கள் ஆகும். கோப்பு ஒரு நொடியில் செல்லும். ஒரே படி காலையில் ஒருவரிடமும் மாலையில் ஒருவரிடமும் இருந்து ஊர் முழுவதையும் சுற்றி வந்துவிடக் கூடும். இருப்பினும், மறுவிற்பனை உரிமை நூல் நைந்துபோவதற்கான இழப்பீடாக வாசகருக்கு என்றாவது தரப்பட்டதா? மேசீஸ் அங்காடி விற்ற நூல்கள் பழையவை அல்ல, புத்தம் புதியவை. உரிமை தீர்ந்ததற்குக் காரணம் பதிப்பாளர் தமக்குரிய விலையைப் பெற்றுவிட்டார் என்பதே. நூலை உறையிட்டுப் பாதுகாப்பவருக்கு விற்கும் உரிமை குறைவு, கசக்கி வைப்பவருக்கு அதிகம் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை.

இரண்டாவது வாதம்தான் கவலைக்குரியது. டாம் கபினெட் நூலை எட்டச் செய்தது ‘புதிய பொதுமக்களுக்கு’ என்று நீதிமன்றம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அது சொன்ன காரணம் இது: மின்னூல்கள் பொதுவாக, வாங்கியவர் தம் சொந்தக் கருவியில் மட்டுமே வாசிக்கலாம் என்ற உரிமத்தோடு வழங்கப்படுகின்றன; ஆதலால் முதல் வாசகரைத் தவிர மற்றவர்கள் உரிமையாளர் எண்ணிப்பார்த்த பொதுமக்கள் அல்லர். வாசகர்கள் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். உரிமம் என்று பெயரிட்டு விற்பனையின் விளைவிலிருந்து தப்ப முடியாது என்று 2012இல் வாயிலில் தடுத்து நிறுத்திய அதே தாளை, 2019இல் நீதிமன்றம் பக்கத்து வாயில் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டது. அந்த உரிமம் செல்லத்தக்கதா, விலையை முழுதாகப் பெற்ற பின் அப்படி ஒரு நிபந்தனை விதிக்கலாமா என்ற வினாவை அது எழுப்பவில்லை. எவரும் வாசிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று விரல் வைக்கும் அந்த நீண்ட வாசகமே, யார் யார் அந்நூலை வாசிக்கத் தக்கவர் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

நாம் பதிப்பாளருக்கும் ஆசிரியருக்கும் எதிராக வழக்காடுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். படைப்புரிமையை ஒரு பொருளாகவே ஏற்காத அறிஞர்கள் நம்மிடையே இருந்தனர். இன்றும் சிலர் உளர். ஹனஃபி ஃபிக்ஹின் பழைய இலக்கணப்படி ‘மால்’ என்பது சேமித்து வைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். வெறும் உரிமை அதில் அடங்காது என்பது அவர்தம் வாதம். ஷாஃபிஈ மத்ஹபில் பயன்களும் மாலாகக் கருதப்படுவதால் அங்கே இந்த இடர்ப்பாடு குறைவு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாக்க உரிமைக்கு இக்கால வழக்கில் பொருளாதார மதிப்பு ஏற்பட்டுவிட்டது என்றும், ஷரீஅத் அதனைப் பாதுகாக்கிறது என்றும் தீர்மானித்தது. முஃப்தி தகீ உஸ்மானீ வெறும் உரிமைகளின் விற்பனை பற்றி எழுதிய ஆய்வும் அதே திசையில் செல்கிறது. நாமும் அம்முடிவையே ஏற்கிறோம். இரவு பகலாக விழித்து எழுதியவரின் உழைப்பைப் படியெடுத்துப் பரப்புவோர் அவரது பையில் கை விடுகின்றனர் என்பதில் ஐயமில்லை.

டாம் கபினெட்டின் ஏற்பாட்டில் குறை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. படியை வைத்துக்கொள்ளவில்லை என்று உறுப்பினர் கூறும் சொல்லே அங்கே காவல். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வாசிக்க இயலும் என்பதை உறுதி செய்யும் தொழில்நுட்ப ஏற்பாடு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சுட்டியது சரியே. அந்த நிறுவனம் தோற்றதில் நமக்கு வருத்தமில்லை.

ஆனால் அக்குறையே இல்லாத ஏற்பாடும் தோற்றது என்பதை அமெரிக்க வழக்கு காட்டுகிறது. ரீடிஜி என்ற நிறுவனம் 2011இல் பாடல் கோப்புகளின் மறுவிற்பனையைத் தொடங்கியபோது, கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பி, அனுப்பிய துண்டை விற்பவரின் கணினியிலிருந்து உடனுக்குடன் அழித்துவிடும் முறையை வகுத்திருந்தது. எந்தக் கணத்திலும் முழுப் படி இரண்டு இடங்களில் இராது என்பது அதன் வாதம். 2013இல் மாவட்ட நீதிமன்றமும், 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்கவில்லை. புதிய இடத்தில் கோப்பு பதிவாகும்போது புதிய படி உருவாகிறது. பழையது அழிந்தாலும் படியெடுத்தல் நிகழ்ந்துவிட்டது என்பது முடிவு. அவ்வாறாயின், கோப்பு இருக்கும் கணினியையே தூக்கிக் கொடுத்தால் ஒழிய, மின் படியை எவரும் எக்காலத்தும் சட்டப்படி கை மாற்ற இயலாது. பின்வரிசை மாணவரின் கேலியே சட்டமாகிவிட்டது போலும்!

இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே நிலையில் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒருமுறை விற்கப்பட்ட படியை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படியாகக் கொண்டு, அதன் மறுவிற்பனையை ஆசிரியரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கிறது. அதே பிரிவு, மின்முறையில் எந்த ஊடகத்தில் சேமித்து வைப்பதையும் மறுபதிப்பாகக் கணக்கிடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளும் கதைதான்.

சரி, இது விற்பனை அன்று, பயன்பாட்டுக்குத் தருவது மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஃபிக்ஹில் அதற்கு இஜாரா என்ற தனி இயல் இருக்கிறது. வீட்டையோ கால்நடையையோ வாடகைக்குத் தருவதற்குரிய சட்டங்கள் அங்கே விரிவாக உள்ளன. வாடகைக்குக் காலம் தெரிந்திருக்க வேண்டும். மின்னூல் கடைகள் காலம் குறிப்பதில்லை. தாங்கள் விரும்பும் வரை, சேவை நடக்கும் வரை என்பதே அவற்றின் வாசகங்களின் பொருள். வாடகை, விலையைக் காட்டிலும் குறைவாக இருப்பதே உலக வழக்கு. மின்னூல்கள் பலவற்றின் விலை தாள் பதிப்பின் விலையை ஒட்டியே நிற்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. பயன்படுத்துபவர் மாறுவதால் வாடகைப் பொருளுக்கு வேறுபாடு ஏற்படாத இடத்தில், இன்னார் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று ஹனஃபி ஃபகீஹ்கள் கூறுவர். குடியிருக்க எடுத்த வீட்டில் தமக்குப் பதிலாக மற்றொருவரைக் குடிவைக்கலாம். சவாரிக்கு எடுத்த குதிரையில் அப்படிச் செய்யலாகாது, ஏறுபவரைப் பொறுத்து அதன் நலிவு மாறும். மின்னூல் எத்தனை பேர் வாசித்தாலும் நைவதில்லை என்று லக்சம்பர்க் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்பனைக்கு எதிராக அது எடுத்த ஆயுதம், வாடகை என்று கொண்டால் பதிப்பாளரின் நிபந்தனைக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

விற்பனையே என்று கொண்டாலோ, மறுவிற்பனை கூடாது என்ற நிபந்தனை என்னவாகும்? இங்கே நாம் அவசரப்படலாகாது. பிறருக்கு விற்கக் கூடாது என்று சொல்லி ஒரு பிராணியை விற்றால் விற்பனை செல்லும், நிபந்தனை வீணாகும் என்பது மஜல்லாவின் எடுத்துக்காட்டு. ஆயினும் அது இரு தரப்பாருக்கும் பயனில்லாத நிபந்தனை பற்றியது. மின்னூலில் அந்நிபந்தனையால் விற்பவருக்கு வெளிப்படையான ஆதாயம் இருக்கிறது. ஆதாயம் தரும் நிபந்தனை ஒப்பந்தத்தின் இயல்புக்கு மாறாக அமைந்தால் விற்பனையே ஃபாஸித் ஆகும் என்பது ஹனஃபி மரபு. பரீரா (ரலி) அவர்களின் நிகழ்வை மாணவர்கள் அறிவர். விற்ற பின்னும் ஓர் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள உடைமையாளர்கள் விதித்த நிபந்தனையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளிவிட்டு, விற்பனையை நிலைநிறுத்தினார்கள். இவற்றை எப்படி இணைப்பது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு நீண்டது. நாம் இங்கே ஃபத்வா வழங்க முன்வரவில்லை, அதற்குரியோர் உளர். விற்பனை, வாடகை என்ற இரண்டு வீடுகளில் எதிலும் ஒழுங்காகக் குடியேறாமல், இரண்டிலிருந்தும் தமக்கு வேண்டியதை மட்டும் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார் என்பதைக் காட்டுவதே நம் நோக்கம். விலை விற்பனையின் விலை; அதிகாரம் வாடகைக்கு விடுபவரின் அதிகாரம்.

அந்த அதிகாரம் எத்தகையது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமை பெறாத ஒருவர் தன் கடையில் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை, வாங்கியோரின் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலேயே நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. அவற்றில் ஒன்று ‘1984’. பின்னர் அதன் தலைவர் மன்னிப்புக் கோரினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் அனைத்தும் ஜூலை மாதத்தில் மறைந்தன. பணம் திரும்பியது. ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கணக்கில் சேர்க்கப்பட்டது. நம் ஆசிரியர் விட்டுச் சென்ற மூன்று மூட்டைகளில் உள்ள ஓரக் குறிப்புகளுக்கு இவ்வாறு ஒரு விலை வைத்து எடுத்துக்கொண்டு போக எவரும் வரமாட்டார் என்ற நிம்மதி, இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் நமக்கு ஏற்பட்டது.

வக்ஃப் பற்றிய கவலையும் இங்கேதான் பிறக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களை வக்ஃப் செய்யலாமா என்பது பழங்காலத்தில் விவாதத்துக்குரியதாக இருந்தது. நூல்களைப் பொறுத்து அவ்விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவந்தவர்களுள் நுஸைர் இப்னு யஹ்யா ஒருவர். அவர் தம் நூல்களை வக்ஃப் செய்தார் என்பதை ஹிதாயா குறிப்பிடுகிறது. மக்களின் வழக்கமும் அதற்குத் துணை நின்றது. மதரஸா நூலகங்கள் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தன. உடைமை இல்லாமல் வக்ஃப் இல்லை. வாரிசுகளுக்குச் சேர வேண்டிய சொத்தும் இல்லை. இன்றைய மாணவர்கள் பலர் தாள் நூலைத் தொடாமலேயே திரையில் ஓதுகின்றனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவர்களுள் ஒருவர் மறையும்போது நம் கல்லூரிக்கு எந்த மூட்டையும் வராது. கடவுச்சொல் ஒன்று வரக்கூடும். அதைப் பயன்படுத்துவதும் உரிமத்துக்கு மாறானதாகவே இருக்கும்.

நூலகங்களுக்கு லக்சம்பர்க் நீதிமன்றம் ஓரளவு இடமளித்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். டச்சு நூலகச் சங்கம் தொடர்ந்த வழக்கில், ஒரு படியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும், தவணை முடிந்ததும் செயலிழக்கும் வகையில் மின்னூலாக இரவல் தருவதைத் தாள் நூல் இரவலுக்கு இணையாகக் கருதலாம் என்று 2016 நவம்பரில் அது தீர்ப்பளித்தது. அதே அளவுகோலை மறுவிற்பனைக்கும் வைத்து, படி ஒன்று, வாசகர் ஒருவர், விற்பவரிடம் எஞ்சுவது ஏதுமில்லை என்று உறுதி செய்யப்படுமானால் விற்கலாம் என்று 2019இல் சொல்லியிருக்கலாம். சட்டச் சொற்கள் இடம் தரவில்லை என்றால், சட்டமியற்றுவோருக்கு அதைச் சுட்டிக்காட்டியாவது இருக்கலாம். அது நிகழவில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில் நூலகத்துக்கும் இடமில்லாமற்போயிற்று. தன்னிடமுள்ள தாள் படி ஒன்றுக்கு ஒரு மின் படி என்ற கணக்கில் இரவல் தந்துவந்த இன்டர்நெட் ஆர்க்கைவ், பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இத்தனைக்குமிடையே சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டது கலிஃபோர்னியா மாநிலம் ஒன்றுதான். 2025 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மின்பொருளை உரிமமாக மட்டும் தரும் கடைகள், அதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிலையாகப் பதிவிறக்கி, இணையத் தொடர்பின்றியே வைத்துக்கொள்ளத் தருபவற்றுக்கு விலக்கு உண்டு. அடுத்த மாதமே அமேசான் தன் மின்னூல்களைக் கணினியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை நிறுத்தியது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். அதன் அமெரிக்கக் கடையில் இப்போது காணப்படும் அறிவிப்பு, வாசகர் உரிமம் ஒன்றை விலைக்கு வாங்குவதாகச் சொல்கிறது.

உரிமத்தை வாங்குவது! நம் மாணவருக்கு விடை கூறச் சென்ற நாளில் இந்த அறிவிப்பைத்தான் முதலில் வாசித்துக் காட்டினோம். ஒப்புக்கொண்ட நிபந்தனை இருக்கும் வரை நீர் இதை விற்காதிருப்பதே பேணுதலான வழி. நண்பருக்குக் கடவுச்சொல்லைத் தருவதும் அதே வகைதான் என்றோம். அவர் ஏற்றுக்கொண்டார். சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஹஜ்ரத், உரிமத்தை அவர்கள் விலைக்கு விற்கிறார்கள் என்றால் அது மால் என்று ஆகிவிடுகிறது. அவர்கள் கையில் மாலாக இருப்பது என் கைக்கு வந்ததும் மாலாக இல்லாமற்போவது எப்படி?” என்று கேட்டார். வெறும் உரிமைகளின் விற்பனை பற்றிய பாடம் எங்களுக்கு அடுத்த பருவத்தில்தான் வருகிறது. அதை முன்னதாகவே தொடங்கிவிட்டோம்.